ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாடியறை

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (வேதியியல்)

நியூயார்க் மாநகரின் ஐந்தாம் அவென்யூவில் 291 என்னும் இலக்கமிட்ட கட்டடம் ஒன்று இருந்தது. அதன் மேல்தளத்திற்குச் செல்ல ஒரு சின்னஞ்சிறு மின்தூக்கி. ஒரு சிலரே நெருக்கியடித்து நிற்கலாம். மேலே போனால் மூன்றே அறைகள். பெரிய அறையே ஏறத்தாழ 15 அடிக்கு 17 அடிதான். நம் ஆய்வகத்துத் தராசு அறையைச் சற்றே அகலப்படுத்தினால் அவ்வளவு இருக்கும். சுவர்களில் மங்கிய நிறத்தில் சாக்குத்துணி போன்றதொரு துணி; சுவரோரம் ஒரு தட்டு; அதன்கீழ்த் திரை; நடுவில் ஒரு பித்தளைக் கிண்ணம். இவ்வளவுதான் அலங்காரம்.

பிக்காசோவின் படைப்புகளுக்கென்று அமெரிக்காவில் முதன்முதலாகத் தனிக்காட்சி நடந்த இடம் இதுவே. அம்மண்ணில் மத்தீசின் ஓவியங்களை முதலில் மாட்டிய சுவரும் இதுவே. பிரான்குசி என்னும் பெருஞ்சிற்பிக்கு வாழ்விலேயே முதல் தனிக்காட்சி கிடைத்ததும் இங்குதான். அரசு நிறுவிய அருங்காட்சியகமன்று. கோடீசுவரர் கட்டிய மாளிகையுமன்று. ஒரு புகைப்படக் கலைஞர் தம் நண்பர்களோடு நடத்திய மாடியறை. அவர் பெயர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ்.

அவர் 1864ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் நியூ ஜெர்சி மாநிலத்து ஹோபோகன் நகரில் பிறந்தார். பெற்றோர் செருமனியிலிருந்து வந்த யூதர்கள். ஆறு மக்களில் ஆல்பிரட் மூத்தவர். தந்தை எட்வர்ட் கம்பளித் துணி வணிகத்தில் நிறையப் பொருளீட்டினார். 1881இல் தொழிலை விற்றுவிட்டு, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டுமென்று குடும்பத்தையே ஐரோப்பாவிற்கு அழைத்துச் சென்றார். மறு ஆண்டில் மகன் பெர்லின் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தில் இயந்திரப் பொறியியல் மாணவரானார்.

அங்கேதான் வேதியியல் அவரைப் பிடித்துக்கொண்டது. (இதை எழுதும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி!) ஹெர்மன் வில்கெல்ம் போகல் என்பவர் அக்கல்விக்கூடத்தில் ஒளிவேதியியல் பேராசிரியர். வெள்ளி புரோமைடு பூசிய தகடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணரும். பச்சையும் மஞ்சளும் அதற்கு இருட்டுக்குச் சமம். அத்துடன் தக்கதொரு சாயத்தைக் கலந்தால் பச்சையையும் அது உணரும் என்று 1873இல் கண்டறிந்தவர் இந்தப் போகல்தான். அவருடைய ஆய்வகத்தில் ஸ்டீக்லிட்ஸ் இரவு பகல் பாராது கிடந்தார். 1883இல் ஒரு கேமரா வாங்கினார். நிலவறை ஒன்றில் ஒரே மின்விளக்கின் ஒளியிலிருந்த டைனமோவை 24 மணி நேரம் தகட்டைத் திறந்துவைத்துப் படமெடுத்தார். ஒளி குறைவென்றால் காலத்தைக் கூட்டு என்பதே அவர் கண்ட விடை. பகலில்தான் படமெடுக்க முடியும் என்ற பேச்சு அந்த நிலவறையில் அடிபட்டுப் போயிற்று. பொறியியல் பட்டமும் கூடவே போயிற்று. அவர் அதை முடிக்கவேயில்லை.

தந்தை சினந்தாரா? இல்லை. மாதந்தோறும் செலவுக்குப் பணம் வந்துகொண்டேயிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டத்தை விட்டுவிட்டுக் கேமராவும் கையுமாக ஊர் திரும்பினால் என் தந்தையார் என்ன செய்வார் என்று எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறேன். ஆகவே இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் இருவர் பேசிக்கொள்கின்றனர். ஒருவன் வியக்கிறான்; மற்றவன் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். இருவருக்கும் இடங்கொடுத்தே எழுதுகிறேன்.

1890இல் தங்கை ஒருத்தி இறக்கவே ஸ்டீக்லிட்ஸ் அமெரிக்கா திரும்பினார். அச்சுத் தகடு செய்யும் தொழிலில் இறங்கினார். அதில் மனம் ஒன்றவில்லை. 1893 பிப்ரவரியில் கடும் பனிப்புயல் வீசியபோது, கையடக்கக் கேமரா ஒன்றை ஏந்திக்கொண்டு ஐந்தாம் அவென்யூவில் மூன்று மணி நேரம் நின்றார். பனியைக் கிழித்துக்கொண்டு வரும் குதிரைவண்டி ஒன்று அவருக்குக் கிடைத்தது. கையடக்கக் கேமரா விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்ட காலமது. அதே ஆண்டு நவம்பரில் எம்மலின் ஓபர்மையர் என்னும் பெண்ணை மணந்தார். அவ்வம்மையார் பீர் வடிப்பாலை நடத்திய செல்வக் குடும்பத்துப் பெண். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

புகைப்படம் கலையா, வெறும் கருவி வேலையா என்பதே அக்காலத்துப் பெருவழக்கு. பொத்தானை அழுத்தினால் படம் விழுகிறது, இதில் மனிதனின் பங்கு என்ன என்று ஓவியர்கள் கேட்டனர். ஸ்டீக்லிட்ஸ் வாதிட்டுப் பயனில்லை எனக் கண்டு, காட்டியே தீர்ப்பது என்று முடிவு செய்தார். 1902இல் ஒத்த கருத்தினரைத் திரட்டிப் 'புகைப்படப் பிரிவினர்' என்றொரு குழுவைத் தோற்றுவித்தார். 1903இல் 'கேமரா வொர்க்' என்னும் இதழைத் தொடங்கினார். அதன் அச்சும் தாளும் அவ்வளவு உயர்ந்தவை. இதழில் ஒட்டப்பட்ட படங்களை அச்சு என்று சொன்னால் நம்புவது கடினம். 1905 நவம்பர் 24ஆம் நாள், லக்சம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இளங்கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கனின் தூண்டுதலால், அவர் முன்பு குடியிருந்த அந்த மாடியறைகளிலேயே காட்சிக்கூடம் திறக்கப்பட்டது.

அக்கூடத்தின் நடைமுறை பருவத்தையொட்டி அமைந்தது. இலையுதிர்காலம் முடியும் தறுவாயில் கதவு திறக்கும். குளிர்காலம் முழுவதும் ஒரு காட்சி இரண்டு மூன்று வாரம் என மாறி மாறி நடக்கும். வேனில் தொடங்கியதும் கதவு மூடும்; ஸ்டீக்லிட்ஸ் ஜார்ஜ் ஏரிக்கரையிலிருந்த குடும்பப் பண்ணைக்கோ ஐரோப்பாவிற்கோ போய்விடுவார். நுழைவுக் கட்டணம் கிடையாது. முதற் பருவத்தில் புகைப்படங்களே. 1907 சனவரியில் பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணியின் ஓவியங்கள் சுவரேறின. புகைப்படமல்லாத காட்சி அதுவே முதல். 1908இல் ரோதானின் கோட்டோவியங்கள். அவ்வாண்டே ஏப்ரலில் மத்தீஸ். புகைப்படக்காரர்கள் சிலர் முகஞ்சுளித்தனர். நமக்காகத் திறந்த கூடத்தில் அயலார் படங்கள் எதற்கு என்பது அவர்கள் குறை. ஸ்டீக்லிட்சின் எண்ணமோ வேறு. ஓவியத்தின் அருகில் வைத்துப் பார்த்தால்தான் புகைப்படத்துக்கே உரிய வேலை எது, அதனால் ஆகாதது எது என்பது விளங்கும் என்று அவர் கருதினார். நாம் ஓர் ஆய்வில் ஒப்பீட்டுக் கரைசலை அருகில் வைத்துக்கொள்வதில்லையா, அதுபோல.

அவ்வாண்டு வீட்டுக்காரர் வாடகையை இரட்டித்தார். கூடம் மூடப்படும் நிலை. பால் ஹாவிலாண்ட் என்னும் அன்பர் முன்வந்து மூன்றாண்டுக்கு எதிர்ப்புறத்து அறைக்குக் குத்தகைப் பணம் கட்டினார். அந்த அறை அடுத்த கட்டடமான 293ஆம் இலக்கத்தைச் சேர்ந்தது. இடைச்சுவர் முன்பே எடுக்கப்பட்டிருந்ததால் அதே மின்தூக்கிதான் வழி. இலக்கம் மாறியும் பழைய பெயர் மாறவில்லை. கடைசி வரை அது 291தான்.

1911ஆம் ஆண்டின் வேனிற்பருவக் காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிக்காசோவின் கோட்டோவியங்களும் நீர்வண்ணங்களுமாக 83 படைப்புகள் பாரிசிலிருந்து வந்தன. இடமில்லாமையால் ஒரு பகுதியைச் சுவரில் மாட்டி, எஞ்சியவற்றைக் கேட்பவர்க்கு எடுத்துக்காட்டினர். வந்தவர்கள் சிரித்தனர், சில விமர்சகர்கள் பைத்தியக்காரத்தனம் என்ற பொருள்பட எழுதினர். விற்றது ஒன்றே ஒன்று. ஸ்டீக்லிட்ஸ் தமக்காக மற்றொன்றை வாங்கிக்கொண்டார். கரியால் தீட்டிய பெண்ணுருவம் அது. உருவம் என்று சொல்கிறோமேயன்றி, கோடுகளும் வளைவுகளும் ஏணிபோல் அடுக்கப்பட்டிருக்கும். மொத்தத் தொகுதியையும் 2,000 டாலருக்கு வாங்கிக்கொள்ளுமாறு மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தைக் கேட்டுப் பார்த்தார். இத்தகைய கிறுக்கல்களுக்கு அமெரிக்காவில் ஒருநாளும் மதிப்பு வராது என்று அங்கிருந்தவர் கையை விரித்துவிட்டார். படங்கள் பாரிசுக்குத் திரும்பின. அந்த ஒற்றைப் பெண்ணுருவம் இன்று அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது, ஸ்டீக்லிட்ஸ் தொகுப்பு என்ற பெயருடன்!

1912இல் சிறு குழந்தைகள் வரைந்த படங்களுக்கென்று ஒரு காட்சி. 1914 மார்ச்சில் பிரான்குசியின் சிற்பங்கள். அவ்வாண்டு நவம்பரில் ஆப்பிரிக்க மரச்சிற்பங்கள். அதுவரை அவை பழங்குடிப் பொருள்களாக இயற்கை வரலாற்றுக் கூடங்களில் அடைபட்டுக் கிடந்தவை. அவற்றைக் கலையென்றே வைத்து ஒரு முழுக்காட்சி நடத்தியது 291. இவற்றினிடையே ஜான் மாரின், மார்ஸ்டன் ஹார்ட்லி, ஆர்தர் டவ் முதலிய அமெரிக்க இளைஞர்களுக்கும் முறை வைத்து இடங்கொடுத்தார்.

அந்தச் சிறு மின்தூக்கியை இயக்கியவர் ஹாட்ஜ் கிர்னன் என்னும் கறுப்பின இளைஞர். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மான்செராட்டைச் சேர்ந்தவர். 291 என்பது உங்களுக்கு என்ன என்று 1914இல் ஸ்டீக்லிட்ஸ் பலரையும் எழுதச் சொல்லி 'கேமரா வொர்க்' இதழின் ஒரு வெளியீடு முழுவதையும் அதற்கே ஒதுக்கினார். பெயர்பெற்ற ஓவியர்களும் விமர்சகர்களும் எழுதிய அவ்விதழில் கிர்னனின் கட்டுரையும் இருக்கிறது. ஸ்டீக்லிட்ஸ் 1917இல் எடுத்த கிர்னனின் உருவப்படமும் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளது. அம்மாடிக்குப் போன ஒவ்வொருவரையும் ஏற்றி இறக்கியவர், பிறகு கருப்பின மக்களின் ஹார்லெம் பகுதியில் எழுத்தாளராகவும் இதழாசிரியராகவும் விளங்கினார். அந்தக் கூடத்தைப் பற்றி எத்தனையோ புகழுரைகள் உண்டு. எனக்கு இந்த ஒன்று போதும்.

ஸ்டீக்லிட்சின் படங்களுள் தலையாயது 'மூன்றாம் வகுப்புத் தளம்'. 1907 சூனில் மனைவி, மகளுடன் ஐரோப்பாவிற்குக் கப்பலேறினார். முதல் வகுப்பின் ஆடம்பரம் தாங்காமல் முனைக்கு நடந்து சென்றவர், கீழ்த்தளத்தில் நெருங்கி நிற்கும் ஏழைப் பயணிகளைக் கண்டார். வெண்ணிறப் பாலம், சாய்ந்த புகைபோக்கி, வட்டமான வைக்கோல் தொப்பி, தோளில் சால்வை போர்த்திய தாய். ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தார். மீதமிருந்தது ஒரே ஒரு தகடு. அமெரிக்காவை நாடி வரும் மக்கள் என்று பலர் இப்படத்தைத் தவறாக விளக்குகின்றனர். கப்பல் போனது எதிர்த்திசையில். பிழைக்க வந்து, திரும்பிப் போகிறவர்கள் அவர்கள். படத்தின் அழகு மறுக்கமுடியாதது. எனினும் எடுத்தவர் நின்ற இடம் மேல்தளம் என்பதையும் மறக்கமுடியவில்லை.

1913 பிப்ரவரியில் நியூயார்க்கின் படைக்கலக் கூடம் ஒன்றில் மாபெரும் புதுக்கலைக் கண்காட்சி நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள்; பெருங்கூட்டம். அந்த மாடியறை எட்டாண்டாகச் செய்த வேலையை ஊரே செய்யத் தொடங்கியது. நியூயார்க்கில் புதிய காட்சிக்கூடங்கள் முளைத்தன. அடுத்து உலகப்போர் வந்தது. 'கேமரா வொர்க்' இதழுக்கு ஒரு காலத்தில் ஆயிரத்தையொட்டி இருந்த சந்தாதாரர்கள் 37 பேராகக் குறைந்தனர். போர்க்கால நெருக்கடியும், மதுவிலக்கு வரும் என்ற நிலையும் பீர்த் தொழிலை முடக்கின. எம்மலின் அம்மையாரின் வருவாய் சுருங்கியது. அப்போதுதான் தெரிந்தது, அத்தனை பருவமும் அந்தக் கூடம் யாருடைய பணத்தில் மூச்சுவிட்டது என்று. 1917இல் இதழ் நின்றது, கூடமும் மூடப்பட்டது.

கலையை விற்பனைப் பொருளாக்கக் கூடாது என்பதில் ஸ்டீக்லிட்ஸ் பிடிவாதக்காரர். தாம் வணிகரல்லர் என்று ஓயாமல் வாதிடுவார். வாங்க வந்தவர் தகுதியற்றவர் என்று தோன்றினால் விற்க மறுத்துவிடுவார். போற்றத்தக்க கொள்கைதான். ஆனால் அதற்குரிய செலவை ஏற்றவருக்கு அந்த மாடியில் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. கணவரின் கலையில் அவ்வம்மையாருக்கு ஈடுபாடில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எளிதாக எழுதிவிட்டுப் போகின்றனர். ஈடுபாடில்லாத ஒன்றுக்கு இத்தனை ஆண்டுகள் பணம் கொடுத்தது எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

கூடத்தின் இறுதிக் காட்சி ஜார்ஜியா ஓகீஃபுடையது. 1916ஆம் ஆண்டுப் பிறப்பன்று, ஸ்டீக்லிட்சின் 52ஆம் பிறந்தநாளில், ஒரு தோழி ஓகீஃபின் கரியோவியங்களை அவரிடம் கொண்டுவந்து காட்டினார். வேறு யாருக்கும் காட்டாதே என்று ஓகீஃப் சொல்லியிருந்தும் காட்டினார். அவ்வாண்டு மே மாதம் ஓவியரின் இசைவு பெறாமலே ஸ்டீக்லிட்ஸ் அவற்றைச் சுவரில் மாட்டிவிட்டார். ஓகீஃப் சினத்துடன் வந்து கழற்றச் சொன்னார். பேசிப் பேசியே இணங்க வைத்தார். 1917 ஏப்ரலில் தனிக்காட்சி. டெக்சாசில் ஆசிரியப் பணியிலிருந்த அவர் நியூயார்க் வந்து சேர்வதற்குள் படங்களை இறக்கிவிட்டிருந்தனர். அவர் ஒருவர் பார்ப்பதற்காக ஸ்டீக்லிட்ஸ் மறுபடியும் எல்லாவற்றையும் மாட்டினார். மறு ஆண்டு ஓகீஃப் நியூயார்க்கிலேயே தங்க வந்தார். ஸ்டீக்லிட்ஸ் மனைவியைப் பிரிந்தார். 1924இல் மணவிலக்குப் பெற்று ஓகீஃபை மணந்தார். முதல் மனைவியின் மகள் காத்ரின் 1923இல் ஒரு குழந்தையைப் பெற்றபின் மனநலம் குன்றி, எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் மருத்துவமனையிலேயே கழித்தார். பெரியவர்களின் வரலாற்றை எழுதும்போது இத்தகைய செய்திகளைத் தாண்டிச் செல்வது நம் கல்லூரி மலர்களில் வழக்கம்தான். தாண்டிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓகீஃபை அவர் முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். முகம், கை, கழுத்து எனத் தனித்தனியே எடுத்து, இவை எல்லாம் சேர்ந்ததே ஓர் உருவப்படம் என்றார். எதிரே நிற்பவர் மீது அவருக்குள்ள ஆற்றலே படங்களின் வலிமைக்குக் காரணம் என்று ஒருவர் எழுதினார். உடனே ஸ்டீக்லிட்ஸ் கேமராவை வானத்தை நோக்கித் திருப்பினார். மேகத்தை யார் மயக்க முடியும்? 1922 முதல் பத்தாண்டுக்கு மேலாக மேகங்களை எடுத்துத் தள்ளினார். உள்ளங்கையளவுப் படங்கள், பலவற்றில் தரையே இல்லை, எது மேல், எது கீழ் என்றும் தெரியாது. அவற்றுக்கு 'நிகர்கள்' என்று பெயரிட்டார்.

இவ்விடத்தில் ஒரு தமிழ்ப் பெயர் வருகிறது. கொழும்பில் பிறந்தவரும், சர் முத்து குமாரசாமியின் மைந்தருமான ஆனந்த குமாரசாமி 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப்பிரிவைக் கவனித்து வந்தார். ஸ்டீக்லிட்சின் படங்களை அருங்காட்சியகம் ஏற்க வேண்டும் என்று அவரே முயன்றார். 1924இல் 27 படங்கள் கலைப்படைப்புகளாகவே அங்கே ஏற்கப்பட்டன. அமெரிக்கப் பெரும் அருங்காட்சியகம் ஒன்று புகைப்படத்தை இவ்வாறு மதித்தது பெரும்புதுமை. குமாரசாமி அடிப்படையில் நிலவியல் அறிஞர். இலங்கையில் தோரியனைட்டு என்னும் கனிமத்தை அடையாளங்கண்டவர். ஒளிவேதியியல் கற்றவரின் படத்தை நிலவியல் கற்றவர் கலையென்று உணர்த்தினார் என்பதை, அறிவியல் மாணவனுக்கு இரசனை ஏது என்று கேலி பேசும் கலைப்பிரிவு நண்பர்கள் குறித்துக்கொள்க.

1925இல் ஓர் ஏலக்கூடத்தின் 303ஆம் அறையில் 'அணுக்கக் கூடம்' தொடங்கினார். 1929 முதல் மாடிசன் அவென்யூ 509ஆம் எண்ணில் 17ஆம் தளத்தில் 'ஓர் அமெரிக்க இடம்'. பருவந்தோறும் மாரின், ஓகீஃப், டவ் மூவருக்கும் ஏறக்குறையத் தவறாமல் காட்சி. விளம்பரம் இல்லை, விருந்து இல்லை. டவ் வறுமையில் தத்தளித்தபோது, கலைச் சேகரிப்பாளர் டங்கன் பிலிப்ஸ் படங்களுக்கு ஈடாக மாதந்தோறும் பணம் அனுப்பி வந்தார். ஸ்டீக்லிட்ஸ் 1937 வாக்கில் நெஞ்சு நோயால் படமெடுப்பதை நிறுத்தினார். கூடத்தை நிறுத்தவில்லை. சிறு கட்டில் ஒன்றை அங்கேயே போட்டுக்கொண்டு, வந்தவர்களோடு பேசிக்கொண்டேயிருந்தார். 1946 சூலை 13ஆம் நாள் இயற்கை எய்தினார். சாம்பலை ஓகீஃப் ஜார்ஜ் ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் சேர்த்தார்.

அவர் விட்டுச்சென்ற படங்களைப் பிரித்து முடிக்க ஓகீஃபுக்கு மூன்றாண்டு ஆயிற்று. 1949இல் வாசிங்டன் தேசிய கலைக்கூடத்துக்கு ஸ்டீக்லிட்ஸ் எடுத்த 1,300க்கும் மேற்பட்ட படங்களை அளித்தார். பிற்காலத்தில் சேர்ந்தவற்றுடன் அங்கே இன்று 1,642 உள்ளன. சேகரிப்பிலிருந்த பிறர் படைப்புகள் பெரிய நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஒரு பங்கு மட்டும் எவரும் எதிர்பாராத இடத்துக்குச் சென்றது. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் என்றொரு பல்கலைக்கழகம் உண்டு. விடுதலை பெற்ற அடிமைகளின் மக்கள் படிப்பதற்காக 1866இல் தொடங்கப்பட்டது. செசான், பிக்காசோ, ஓகீஃப் உள்ளிட்டோரின் 101 படைப்புகள் அங்கே வந்திறங்கின. இனவொதுக்கல் சட்டப்படி கறுப்பின மாணவர்கள் தனிப்பள்ளிக்கும் தனி இருக்கைக்கும் ஒதுக்கப்பட்டிருந்த ஊரில், அவர்கள் வகுப்புக்குப் போகிற வழியில் அப்படங்கள் இருந்தன.

அறுபதாண்டுக்குப் பின் அக்கல்லூரி பெரும் பணமுடையில் சிக்கியது. படங்களை விற்கலாமா கூடாதா என்று நெடுங்காலம் வழக்கு நடந்தது. 2012இல் முடிவு வந்தது. தொகுப்பின் பாதி உரிமையை 3 கோடி டாலருக்கு ஆர்கன்சா மாநிலத்தின் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் பெற்றது. படங்கள் இரண்டாண்டு அங்கே, இரண்டாண்டு கல்லூரியில் என்று ஏற்பாடாயிற்று. அந்தப் பணத்தில் கல்லூரி தொடர்ந்து நடக்கிறது.